கரடி வீட்டு வெட்டுமேசை

ஒரு காட்டில் கோதண்டம் என்கிற கரடியும் அவன் மனைவி செங்கமலமும் குடியிருந்தார்கள். காடு என்றதும் சிங்க ராஜா, அரசவை, கொட்டாவி விடும் மந்திரி என்றெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். அதெல்லாம் பழைய காடு. இந்தக் காட்டின் நடுவில் செல்போன் கோபுரம் நின்றது. அதன் அடியில் எந்நேரமும் நாலு பேர் தலையைக் குனிந்தபடி நின்றார்கள். காட்டின் எல்லையில் ‘மரம் வெட்டுவது குற்றம்’ என்று எழுதி வைத்திருந்தபடியால், மரங்களுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த ஜீவராசிகள் ஒரு துண்டுப் பலகை வேண்டுமென்றாலும் டவுன் கடையிலிருந்து பிளைவுட்தான் வாங்கின. இதில் யாருக்கும் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

செங்கமலம் நிறைமாதமாக இருந்தாள். மழை பிடிப்பதற்குள் அவளுக்கு ஒரு கட்டில் வேண்டும். ஆசைக்காக இல்லை. அவர்கள் குகை பள்ளத்தில் இருந்தது. மழை வலுத்தால் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். போன மழைக்குப் பிறந்த குட்டி அந்த ஈரத் தரையில் கிடந்தே இருமி இருமிச் செத்துப்போனது. அன்றைக்குக் கோதண்டமும் பாறையில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். “அடுத்த குட்டியை ஈரத்துல கிடத்த மாட்டேன் கமலம்” என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அந்த அழுகை பொய்யில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் நம்பித் தொலைத்தாள்.

எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஒன்று வந்து இறங்கியது. குகை வாசல் குறுகல். முழுப் பலகை நுழையாது. நீளவாக்கில் நடுவே ஒரு வெட்டுப் போட்டால் இரண்டு பாதியும் உள்ளே போய்விடும். கல்லை முட்டுக்கொடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் கட்டில் தயார். ஒரே ஒரு வெட்டு. கைரம்பமும் வீட்டிலேயே இருந்தது.

கோதண்டம் பலகையில் கோடு போட்டான். ரம்பத்தைக் கோட்டின் மேல் வைத்தான். வைத்தவன் அப்படியே ஓர் இழுப்பு இழுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. “எதுக்கும் ஒரு தடவை பார்த்துக்கறேன்” என்று சொல்லிப் போனை எடுத்தான்.

போனில் பராங்குசம் வந்தான். பராங்குசம் ஒரு நரி. ‘நரியார் பட்டறை’ என்று ஒரு சேனல் நடத்தினான். காட்டில் பாதிப் பேர் அவனைப் பார்த்துத்தான் மரவேலையைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டார்கள். மரவேலையை அல்ல, பேச.

“வணக்கம் மக்களே! பிளைவுட்டைக் கைரம்பத்தால அறுக்கப் போறீங்களா? உங்களைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கு” என்று ஆரம்பித்தான் நரி.

பிளைவுட் என்பது மெல்லிய மரத்தோல்களை ஒட்டி அடுக்கியது. முரட்டு ரம்பம் பட்டால் மேல்தோல் ஓரத்தில் சில்லுச் சில்லாகப் பெயரும். இது உண்மைதான். நரி பேசியதில் உண்மை அந்த மட்டோடு சரி. மீதியெல்லாம் அதன்மேல் எழுப்பிய மாடி. கோதண்டத்துக்கு அந்த மாடி ரொம்பப் பிடித்துவிட்டது. ரம்பத்தைக் கீழே வைத்தான்.

“மேல பாய் விரிக்கப் போறோம். ஓரம் பேர்ந்தா யாருக்குங்க தெரியப் போகுது?” என்று கேட்டாள் செங்கமலம்.

“எனக்குத் தெரியும்ல” என்றான் கோதண்டம்.

முதலில் வட்ட ரம்ப மிஷின் வேண்டும் என்றான். குகையில் கரண்ட் இல்லை. ஆகவே பேட்டரி மிஷின். பேட்டரியில் பச்சை என்றொரு குலம், மஞ்சள் என்றொரு குலம். பச்சையின் பேட்டரி மஞ்சளில் பொருந்தாது, மஞ்சளினுடையது பச்சையில் ஏறாது. ஒருமுறை எதற்குள் போனாலும் சாகிறவரை அதே குலத்தில்தான் சம்பந்தம் வைத்துக்கொள்ள வேண்டும். கோதண்டம் தன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு விசாரித்ததில்லை. பச்சைக்காரர்கள் மஞ்சள்காரர்களைத் திட்டி எழுதியதையும், மஞ்சள்காரர்கள் பதிலுக்குப் பச்சைக்காரர்களின் பிறப்பைச் சந்தேகித்து எழுதியதையும் வரிவிடாமல் படித்தான். கடைசியில் மஞ்சள் வாங்கினான். வாங்கின மறுநாளே பச்சையைப் பற்றி நல்லதாக ஏதோ படித்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

மிஷின் வந்தது. வந்த பிளேடுக்குப் பல் போதாது என்று நரி சொன்னதால் நெருக்கப் பல் வைத்த பிளேடு வந்தது. அந்தப் பிளேடு கோட்டை விட்டு விலகாமல் ஓட ஒரு கைடு ரெயில் வந்தது. ரெயில் நகராமல் பிடிக்கக் கிளாம்ப்புகள் வந்தன. பிளேடு பலகையைத் தாண்டி அடியில் போய்த் தட்டாமல் இருக்க, கீழே விரிக்கவென்று கனமான ரப்பர் நுரை மெத்தை ஒன்று வந்தது. பறக்கிற தூளை உறிஞ்ச ஒரு குழாய் வந்தது. பலகை வெயிலில் கிடந்தது.

இவற்றுக்கெல்லாம் ஈடாகக் குகையிலிருந்து வெளியே போனது தேன். செங்கமலம் தன் பிரசவத்துக்கென்று பானைகளில் சேர்த்துவைத்த தேன். ஒவ்வொரு பொட்டலம் வரும்போதும் ஒரு பானை காலியானது. அவள் கேட்டால், “ஒரு தடவை வாங்கிட்டா காலத்துக்கும் இருக்கும்” என்பான். தேனைச் சொல்லவில்லை, கிளாம்ப்பைச் சொன்னான்.

ஒரு நாள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று அவளும் நரியின் வீடியோவைப் பார்த்தாள். நரியின் கையில் அழகாக வெட்டிய பலகைத் துண்டு ஒன்று இருந்தது. அதன் மூலையில் டீ டம்ளர் வைத்த வட்டக்கறை. முந்தின வீடியோவிலும் அதே துண்டு, அதே கறை. அதற்கு முந்தினதிலும்.

“ஏங்க, இந்த நரியார் பலகையை வெட்டி நீங்க பார்த்திருக்கீங்களா? எப்பப் பார்த்தாலும் ஏற்கெனவே வெட்டினதையே கையில வச்சிருக்காரு.”

“வெட்டறதுங்கறது கடைசிக் கட்டம் கமலம்” என்றான் கோதண்டம் பொறுமையாக. “அவர் அதுக்கு முந்தின கட்டத்துல கெட்டிக்காரர்.”

அடுத்த குகையில் சூசை என்றொரு காட்டுப்பன்றி இருந்தான். அவன் குகையும் பள்ளத்தில்தான். அவன் வீட்டிலும் குட்டிகள். கோதண்டம் பிளைவுட் வாங்கிய அன்றைக்கே அவனும் ஒன்று வாங்கியிருந்தான். இரண்டு கல்லின் மேல் பலகையைப் போட்டு, ஆடாமல் இருக்க மனைவி ஞானப்பூவை அதன்மேல் உட்காரவைத்து, கைரம்பத்தால் கரகரவென்று அறுத்துத் தள்ளினான். கோடு ஓர் இடத்தில் இடப்பக்கம் போனது, இன்னோர் இடத்தில் வலப்பக்கம் வந்தது. ஓரமெல்லாம் பெயர்ந்திருந்தது. அன்று சாயங்காலமே குடும்பத்தோடு அதன்மேல் படுத்துக் குறட்டை விட்டான்.

இந்த இடத்தில் வழக்கமான கதை என்றால் சூசைக்கு மாலை போட்டு, அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று முடித்துவிடலாம். காடு அப்படி முடிக்க விடவில்லை.

யாரோ அந்தப் பலகையின் ஓரத்தைப் படமெடுத்து நரிக்கு அனுப்பினார்கள். நரி அதைச் சேனலில் போட்டு, ‘இது வெட்டினதா, கடிச்சதா?’ என்று கேட்டான். அவ்வளவுதான். ஆணி ஒன்றைக்கூடத் தன் கையால் அடித்திராத மந்திகள் எல்லாம் கீழே வந்து கருத்து எழுதின. ‘ரம்பத்தைப் பிடுங்கிக் கையை உடைக்கணும்’ என்று எழுதியது ஒரு மான். நேரில் பார்த்தால் வணக்கம் சொல்கிற மான். சூசை முதலில் சிரித்தான். அப்புறம் இன்னொரு தடவை படித்துப் பார்த்தான். அப்புறம் சிரிக்கவில்லை.

செங்கமலத்துக்கு இதெல்லாம் காதில் விழுந்தாலும் மனதில் தங்கவில்லை. சூசை வீட்டில் குட்டிகள் மேட்டில் தூங்குகின்றன என்பதுதான் அவளுக்கு முக்கியம். வானம் கறுத்துக்கொண்டு வந்த ஒரு நாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் குகைக்குப் போனாள்.

“அண்ணே, வந்து எங்க பலகையை ஒரு கை அறுத்துக் குடுங்கண்ணே. இவரு அறுப்பாருன்னு எனக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு.”

சூசை நிமிர்ந்தே பார்க்கவில்லை. கட்டில் பலகைகள் இரண்டும் வெளியே சாத்தியிருந்தன. ஓரம் மேலும் பெயராமல் இருக்கக் காகித டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். உள்ளே குட்டிகள் வெறும் தரையில் உருண்டன.

“ஏண்ணே எடுத்திட்டீங்க?” என்றாள் பதறிப்போய்.

“ஓரத்தை நேராக்கி உள்ளே போடலாம்னு, தங்கச்சி. கைடு ரெயில் சொல்லியிருக்கேன். வந்திரும்.”

“மழை அதுக்கு முந்தி வந்திரும்ணே.”

“வரட்டும். அந்தக் கோணல் மேல படுத்தா எனக்குத் தூக்கம் வரலை.” குரலைத் தாழ்த்திச் சொன்னான். “ரம்பத்தைத் தொடறதையே விட்டுட்டேன் தங்கச்சி. என்னைக் கூப்பிடாத. யாராவது பார்த்துட்டா உங்க வீட்டு ஓரத்தையும் படம் எடுத்துப் போட்டிருவாங்க.”

காட்டிலேயே ஒரே ஒருத்தனுக்குத்தான் பலகை அறுக்கத் தெரிந்திருந்தது. அவனையும் காடு சரிப்படுத்திவிட்டது.

செங்கமலம் வீடு திரும்பி, கைரம்பத்தைத் தானே எடுத்துப் பார்த்தாள். வயிறு முட்டியது, குனிய முடியவில்லை. பலகை அசைந்து அசைந்து நழுவியது. இரண்டு இழுப்புக்குள் இடுப்பில் சுரீர் என்று வலி பிடித்துக்கொண்டது. ரம்பத்தைப் போட்டுவிட்டு அந்தப் பலகையின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். செத்துப்போன குட்டியின் முகம் வந்தது. அது இருமும்போது மூக்கைச் சுருக்கும். கோதண்டத்தின் மேல் வந்த கோபத்தில் அவனைக் கிளாம்ப்பில் மாட்டி இறுக்கலாம் போல் இருந்தது.

உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது. போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். “எல்லாம் வந்திருச்சு பாஸ். மேசைதான் பாக்கி. தரையில வச்சு வெட்டறவன் மனுஷனா? நல்ல வெட்டுமேசை அமைஞ்சிட்டா அப்புறம் வெட்டு தானா விழும்.”

செங்கமலம் கண்ணைத் துடைத்தாள். மேசை. நீளமாக, அகலமாக, தரையை விட்டு உயரமாக, ஆடாமல் நிற்கிற ஒரு மேசை. இவனிடம் கட்டில் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததே தவிர, வேறு எதையும் கேட்டுப் பார்த்ததில்லையே என்று அவளுக்குத் தோன்றியது.

எழுந்து உள்ளே போனாள்.

“ஏங்க, நான் யோசிச்சுப் பார்த்தேன். நீங்க சொல்றதுதான் சரி. மேசை இல்லாம வெட்டறது முட்டாள்தனம்.”

கோதண்டம் போனைக் கீழே வைத்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. “இந்த வீட்டுல இப்பத்தான் கமலம் நீ என்னைப் புரிஞ்சுக்கிட்டுப் பேசறே.”

“எங்க போடப் போறீங்க?”

“குகை வாசல்ல போடலாம்னு…”

“அய்யோ, பேட்டரி நனைஞ்சிடாது? பக்கத்துல அந்தப் பாறை நீட்டிக்கிட்டு இருக்குல்ல, அதுக்கு அடியில போடுங்க. மேல ஒரு சொட்டு விழாது. தரையில தண்ணி ஓடினா ஓடட்டும். உசரமா வச்சிடுங்க. குனிஞ்சு குனிஞ்சு வெட்டினா உங்க இடுப்பு என்னத்துக்காகும்?”

“எவ்வளவு உசரம்?”

அவள் அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாறையைக் காட்டினாள். போன வருஷத்து வெள்ளம் விட்டுப்போன கறை அதில் கோடாக இருந்தது. கறைக்கு மேலே தாராளமாக ஓரிடத்தில் கையை வைத்து, “இவ்வளவு உசரம்னா உங்களுக்கு வாகா இருக்கும்” என்றாள்.

“கரெக்ட்டு!” என்றான் கோதண்டம். நரி சொன்ன உயரமும் அதுதானாம்.

“சுத்தி ஒரு விளிம்பு வச்சிடுங்க. பலகை நழுவி விழக் கூடாதுல்ல.”

“ஆமா, ஆமா.”

“மூணு பக்கம் தடுப்பு இருந்தா காத்துல தூள் பறக்காது. அப்புறம் அந்த ரப்பர் மெத்தையை மேசை மேலேயே நிரந்தரமா விரிச்சிடுங்க. பிளேடு அடியில தட்டாது பாருங்க.”

கோதண்டம் அவளை ஆவெனப் பார்த்தான். இப்படியொரு மூளையை இத்தனை நாள் சமையலில் வீணடித்துவிட்டோமே என்று அவனுக்கு வருத்தமாகவே இருந்தது. உடனே வேலையில் இறங்கினான். காற்றில் விழுந்த கிளைகள் காலாயின. மேசைப் பரப்புக்குப் பலகை வேண்டுமே? இருக்கிற பலகை ஒன்றுதான். அதில் முக்கால்வாசி பரப்புக்கும், மீதி விளிம்புக்கும் தடுப்புக்கும் என்று கோடு போட்டான். மேசை இல்லாமல் மிஷினை ஓட்டக் கூடாது என்பது விதி. ஆகவே கைரம்பத்தை எடுத்தான்.

எடுத்து அறுத்தான். நீளவாக்கில் அறுத்தான், குறுக்கே அறுத்தான், மூலை மூலையாக அறுத்தான். வேர்க்க விறுவிறுக்க, பாட்டுப் பாடிக்கொண்டு அறுத்தான். ஓரம் பெயர்ந்ததா என்று பார்க்கவே இல்லை. அடுத்த நாள் வெயில் இறங்குவதற்குள் மேசை எழும்பி நின்றது.

“நல்லா அறுக்கத் தெரியுதே உங்களுக்கு” என்றாள் செங்கமலம், பாறையில் சாய்ந்துகொண்டு. அவள் குரலில் இருந்த விஷம் அவனுக்கு உறைக்கவில்லை.

“சேச்சே, இது வெட்டு இல்ல கமலம். இது ஏற்பாடு. வெட்டு இனிமேத்தான்” என்றான் கோதண்டம். வெட்டுவதற்குப் புதுப் பலகை ஒன்றும் சொல்லி அனுப்பினான். குகையில் கடைசியாக மிச்சமிருந்த தேன்பானை அதற்குப் போனது.

புதுப் பலகையும் மழையும் சேர்ந்தே வந்தன. பலகையைக் குகை வாசலில் சாத்திப் பிளாஸ்டிக் தாளால் போர்த்திவிட்டு, மிஷினை எடுத்து மேசையில் வைத்து, ரெயிலுக்குத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான் கோதண்டம். குகைக்குள் தண்ணீர் நுழைந்தது. செங்கமலத்துக்கு வலி கண்டது.

அவள் பாறையைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். மேசை மேலிருந்த மிஷினை ஒரு கையால் ஓரங்கட்டினாள். அது கீழே ஓடுகிற தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. ரெயிலைத் தூக்கித் தடுப்புக்கு வெளியே எறிந்தாள். விளிம்பைப் பிடித்து ஏறி, ரப்பர் மெத்தையில் சாய்ந்தாள்.

“கமலம்! மட்டம் கலைஞ்சிடும்!” என்று அலறினான் கோதண்டம்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

குட்டி பிறந்தது. வெளியே காடே மிதந்தது. மேசைக்கு அடியில் தண்ணீர் பழைய கறைவரை ஏறி, அங்கேயே நின்று, இறங்கியது. குட்டி மெத்தையில் உருண்டு விளிம்பில் முட்டி நின்றது. தும்மக்கூட இல்லை. செங்கமலம் அதன் முதுகில் கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

மழை கொஞ்சம் விட்டதும் கோதண்டம் மேசையருகே வந்து நின்றான். குட்டியை ஆசையாகத் தடவினான். பிறகு மெல்லச் சொன்னான்.

“கமலம், நீ கொஞ்சம் இறங்கினா அந்தக் கட்டில் பலகையை வெட்டிடுவேன்.”

“நீங்க கட்டிலைப் போடுங்க, நான் உடனே இறங்கிடறேன்.”

“மேசை இல்லாம கட்டிலை எப்படி வெட்டறது?”

“அதானே” என்றாள் செங்கமலம். குட்டிக்குப் பால் கொடுக்கத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்துப் பராங்குசம் நரி நேரில் வந்தான். மேசையின் புகழ் அவன் காதுக்கு எட்டியிருந்தது. போனை நீட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான். “பாருங்க மக்களே! விளிம்பு வச்ச வெட்டுமேசை, மூணு பக்கத் தடுப்பு, நிரந்தர மெத்தை. மேல ஒரு கீறல் இருக்கா பாருங்க? இதுதாங்க பராமரிப்பு!” பிறகு செங்கமலத்திடம் திரும்பி, “அம்மா, குட்டியைத் தூக்கிக்கிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தீங்கன்னா படத்துல விளிம்பு நல்லா விழும்” என்றான். அவள் தள்ளவில்லை. குட்டி விளிம்புவரை வந்து, நரியின் போன் மேல் மூத்திரம் பெய்தது.

வீடியோ காடெங்கும் பரவியது. வீட்டுக்கு வீடு ஆண்கள் பச்சை, மஞ்சள் சண்டையை நிறுத்திவிட்டு வெட்டுமேசை அளவுகளைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தார்கள். கோதண்டத்தைக் கூட்டங்களுக்கு அழைத்துப் பேசச் சொன்னார்கள். அவனும் போய் ‘வெட்டுவதற்கு முன்’ என்ற தலைப்பில் மணிக்கணக்காகப் பேசினான். பேசிவிட்டு வந்து ஈரக் குகையில் கிளாம்ப்புகளுக்கு நடுவே படுத்தான். புதுப் பலகை பிளாஸ்டிக் தாளுக்குள் சாய்ந்தபடியே நின்று, அடியில் தண்ணீர் குடித்து, தோல் தோலாகப் பிரிந்துகொண்டிருந்தது.

சூசைக்கு இன்னும் ரெயில் வரவில்லை. அவன் குட்டிகளுக்கு இருமல் பிடித்திருந்தது. ஒரு மத்தியானம் ஆண்கள் எல்லோரும் கோதண்டத்தின் பேச்சைக் கேட்கப் போயிருந்தபோது, சூசையின் மனைவி ஞானப்பூ பாறைக்கு வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மேசையைத் தடவினாள். மெத்தையை அமுக்கிப் பார்த்தாள்.

“மதினி” என்றாள் மெதுவாக. “எங்க வீட்டுக்காரர் அறுக்கத் தெரிஞ்ச மனுஷன். அவர்கிட்டப் போய் எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியலை.”

“மழைக்குக் கட்டிலைப் போடுங்கன்னு கேட்டீங்களா?”

“தினமும் கேக்கறேன்.”

“அது தப்பு” என்றாள் செங்கமலம். குட்டியை மடியில் நகர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார இடம் விட்டாள். “ஏறி வாங்க. உங்க குட்டிங்க எவ்வளவு உசரம் தாண்டும்னு முதல்ல சொல்லுங்க. விளிம்பு அதுக்கு மேல இருக்கணும்.”

நீதி: கணவரிடம் கட்டில் கேட்காதீர்கள், அந்தக் கட்டிலைச் செய்வதற்கு, படுக்க வசதியாக ஒரு மேசை கேளுங்கள்.